அகராதியை மூடிவிட்டுக் கேஸ் கட்டைப் பிரியுங்கள்

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். சட்டம் முடித்து, மாவட்டத் தலைநகர் ஒன்றில் கிரிமினல் பக்கம் ஜூனியராக இருக்கிறேன். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கிறேன். இப்போது சீனியர் ஜாமீன் மனுக்களை ஆங்கிலத்தில் வரையச் சொல்கிறார். போன வாரம் செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி 'வாட் இஸ் த ஸ்டேஜ் ஆஃப் இன்வெஸ்டிகேஷன்?' என்று கேட்டதும் வாயடைத்து நின்றுவிட்டேன். சட்ட அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே மறந்துபோகிறது. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதவும் ஆசை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? கிரிமினல் கோர்ட் ஆங்கிலத்தை எப்படித்தான் பழகுவது?

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். முதல் வேலையாக அந்த மனப்பாடத்தை நிறுத்திவிடுங்கள். நீதிபதி உங்களிடம் கேட்ட கேள்வியைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் உங்களுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. அகராதி முழுவதையும் கரைத்துக் குடித்திருந்தாலும் அன்றைக்கு அதே இடத்தில்தான் நின்றிருப்பீர்கள். அப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை, பதில் சொல்ல ஒரு வாக்கியம் கையில் இல்லை. இந்த இரண்டும்தான் குறை. இரண்டையும் சரிசெய்வது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம், ஏனென்றால் சட்டம் உங்களுக்குத் தெரியும். வழக்கு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது தெரியும். ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையை இன்னொரு மொழியில் சொல்லப் பழகுகிறீர்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் கிரிமினல் கோர்ட்டில் இரண்டு மொழியும் கலந்தே ஓடும். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் வழியாகக் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவுப்படி ஆங்கிலம். நடைமுறையில் ஒரே கொலை வழக்கின் கட்டில் புகார் தமிழில் இருக்கும், பிரேதப் பரிசோதனைச் சான்று ஆங்கிலத்தில் இருக்கும், சாட்சியம் தமிழில், மேல்முறையீடு ஆங்கிலத்தில். ஆக, ஒவ்வொரு கட்டும் ஒரு இருமொழிப் பாடப்புத்தகம். அதைப் படிக்காமல் அகராதியைப் படிப்பானேன்?

சீனியரிடம் கேட்டு, முடிந்துபோன ஒரு வழக்கின் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்காகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சாட்சியங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கும். எஃப்ஐஆரில் தொடங்கி, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், ரிமாண்ட் அறிக்கை, குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு வனைவு, சாட்சியம், தீர்ப்பு என்று நடந்த வரிசையிலேயே படியுங்கள். அகர வரிசையில் படித்தால் அக்விட்டல் (விடுதலைத் தீர்ப்பு) முதல் வாரமே வந்துவிடும், ட்ரையல் (நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது) கடைசியில்தான் வரும். வழக்கு அப்படி நடப்பதில்லை. நடந்த வரிசையில் படித்தால் ஒரு வார்த்தை அடுத்த வார்த்தையை இழுத்துக்கொண்டு வரும்.

படிக்கும்போது பெயர்ச்சொல்லை மட்டும் குறிக்காதீர்கள். கூட வரும் வினைச்சொல்லோடு சேர்த்துக் குறியுங்கள். இது மிக முக்கியம். எஃப்ஐஆர் என்ற வார்த்தை காய்கறிக் கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் எஃப்ஐஆரை 'ரெஜிஸ்டர்' செய்வார்கள், கம்ப்ளெயின்ட்டை 'லாட்ஜ்' செய்வார்கள், மாஜிஸ்ட்ரேட் காக்னிசன்ஸ் (வழக்கைக் கோப்பில் எடுப்பது) 'டேக்' செய்வார், சார்ஜை 'ஃப்ரேம்' செய்வார், சம்மன் 'சர்வ்' ஆகும், வாரன்ட் 'எக்ஸிக்யூட்' ஆகும், சாட்சியை 'எக்ஸாமின்' செய்வார்கள், ஆவணத்தை 'மார்க்' செய்வார்கள், சாட்சியத்தை 'அட்யூஸ்' செய்வார்கள் (நம் பக்கத்து வழக்கில் 'லெட் இன்'), தண்டனையை 'இம்போஸ்' செய்வார்கள், அப்பீலை 'ப்ரிஃபர்' செய்வார்கள். இந்த ஜோடிகள் பிடிபட்டால் மனுவில் பாதி வாக்கியம் தானாக வந்துவிடும். தமிழ் வழியில் படித்தவர்கள் எழுதும் மனுக்களில் நான் அதிகம் திருத்துவது இலக்கணத்தை இல்லை, இந்த வினைச்சொற்களைத்தான். 'மேக் அப்பீல்', 'கிவ் எஃப்ஐஆர்' என்று எழுதுவார்கள். பொருள் புரியும்தான், ஆனால் படிக்கிற நீதிபதி அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிடுவார்.

கவனித்தீர்களா, மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை சின்ன வார்த்தைகள். எல்லோரும் பயப்படுவது மென்ஸ் ரியா (குற்ற மனம்), ஆக்டஸ் ரியஸ் (குற்றச் செயல்) மாதிரி லத்தீனைப் பார்த்து. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் மட்டும்தான். ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். உண்மையில் காலை வாருவது தெரிந்த முகத்தோடு வரும் எளிய வார்த்தைகள். 'ப்ரே' என்றால் சாமி கும்பிடுவது என்று பள்ளியில் படித்திருப்போம். மனுவின் கடைசிப் பத்தி முழுக்க ப்ரேயர்தான். 'என்லார்ஜ்' என்றால் பெரிதாக்குவது. கோர்ட்டில் 'என்லார்ஜ்டு ஆன் பெயில்' என்றால் ஜாமீனில் விடப்பட்டார். 'கவுன்டர்' என்றால் எதிருரை, 'கேஸ் இன் கவுன்டர்' என்றால் அதே சம்பவத்தில் எதிர்த்தரப்பு கொடுத்த வழக்கு. 'ஸ்ப்ளிட் அப்' என்றால் தலைமறைவானவரை மட்டும் பிரித்துத் தனி வழக்காக்குவது. 'ரீகால்' என்றால் பிடிவாரன்ட்டைத் திரும்பப் பெறுவது. சாட்சியை மறுபடி அழைப்பதற்கும் அதே வார்த்தைதான். 'லெர்னெட்' என்று இரண்டு அசையாக உச்சரியுங்கள், லெர்ன்டு என்று சொல்லிவிடாதீர்கள். நீதிபதிக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் அடைமொழியாகத் தினம் ஐம்பது முறை வரும்.

அப்புறம், தமிழில் ஒரே வார்த்தையாக இருந்து ஆங்கிலத்தில் நான்கைந்தாகப் பிரிபவை. இந்த இடத்தில் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும்.

'விசாரணை' என்று நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். போலீஸ் செய்வது இன்வெஸ்டிகேஷன். அதைப் புலன் விசாரணை என்று பிரித்துச் சொல்வது நல்ல பழக்கம். நீதிமன்றம் செய்வதில் ட்ரையல் அல்லாதது என்கொயரி. இந்த இரண்டுக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 2-ஆவது பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. ட்ரையலுக்கு மட்டும் தனியாக விளக்கம் கிடையாது. ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்பது இன்டராகேஷன். சாட்சிக் கூண்டில் கேட்பது எக்ஸாமினேஷன். அதில் சீஃப், கிராஸ், ரீ என மூன்று. இன்று வழக்கு எடுக்கப்படுவது ஹியரிங். பிரேத விசாரணை இன்க்வெஸ்ட். 'விசாரணை முடியவில்லை' என்று மனதுக்குள் தமிழில் நினைத்துக்கொண்டு 'ட்ரையல் இஸ் நாட் கம்ப்ளீட்டட்' என்று ஜாமீன் மனுவில் எழுதினால், குற்றப்பத்திரிகையே தாக்கலாகாத வழக்கில் ட்ரையல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மேல் புலன் விசாரணைக்கும் மறு புலன் விசாரணைக்கும் அதே கவனம் வேண்டும். முதலாவது 'ஃபர்தர்': குற்றப்பத்திரிகைக்குப் பிறகும் போலீஸ் தொடரக்கூடியது, பிஎன்எஸ்எஸ் 193(9). இரண்டாவது 'ரீ' அல்லது 'ஃப்ரெஷ்': அதுவரை செய்ததை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து செய்வது, உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட வேண்டியது. மனுவில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கேட்டுவிட்டால் கேட்கக்கூடாத கோர்ட்டில் கேட்டதாக ஆகிவிடும்.

'விடுதலை'யும் அப்படியே. ஜாமீனில் வந்தாலும் ஊரில் விடுதலை என்பார்கள். குற்றச்சாட்டு வனையும் முன்பே போதிய ஆதாரமில்லை என்று விடுவிப்பது டிஸ்சார்ஜ். சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்பில் குற்றமற்றவர் என்பது அக்விட்டல். உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்வது குவாஷ். தண்டனைக் காலம் முடியுமுன் அரசு விடுவது ப்ரிமெச்சூர் ரிலீஸ். டிஸ்சார்ஜ் என்பது அக்விட்டல் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டாவது முறை வழக்கு நடத்தக்கூடாது என்ற பாதுகாப்பு அக்விட்டலுக்கு உண்டு, டிஸ்சார்ஜுக்கு இல்லை. கட்சிக்காரரிடம் இதைத் தமிழிலேயே பிரித்துச் சொல்லிப் பழகுங்கள்; ஆங்கிலம் தானாகத் தெளிவாகும்.

'தண்டனை'யில் கன்விக்‌ஷன், சென்டன்ஸ் என்று இரண்டு இருக்கின்றன. குற்றவாளி என்று முடிவு செய்வது முன்னது. அதற்காக இத்தனை ஆண்டு என்பது பின்னது. 2023-இல் ராகுல் காந்தி வழக்கு நடந்தபோது பலரும் குழம்பினார்கள். சூரத் செஷன்ஸ் கோர்ட் ஏப்ரலிலேயே சென்டன்ஸை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்துவிட்டது, எம்.பி. பதவி வரவில்லை. ஆகஸ்ட் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கன்விக்‌ஷனுக்குத் தடை கொடுத்த பிறகுதான் பதவி திரும்பியது. செய்திகளில் இரண்டுமே 'தண்டனை நிறுத்திவைப்பு' என்றுதான் வந்தன. அரசு ஊழியர் கட்சிக்காரராக வந்தால் இந்த வித்தியாசத்தில்தான் அவருடைய வேலை தொங்கும்.

செய்தித்தாள் தமிழிலிருந்து நேரே ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். 'பூட்டை உடைத்து 20 பவுன் கொள்ளை' என்று தலைப்பு போடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் ராபரி நடக்கவே முடியாது. அது ஹவுஸ் பிரேக்கிங், கூடவே வீட்டில் தெஃப்ட். திருட்டில் வன்முறையோ உடனடி பயமோ சேர்ந்தால் ராபரி. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் டகாய்ட்டி. பயமுறுத்தி அவராகவே கொடுக்கும்படி செய்தால் எக்ஸ்டார்ஷன். செயின் பறிப்புக்கு முன்பு தனிப்பெயர் இல்லாமல் இருந்தது. ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 304 இப்போது 'ஸ்னாச்சிங்' என்றே ஒரு குற்றத்தை வைத்திருக்கிறது. இந்த ஐந்தையும் தனித்தனியாகப் படிக்காமல் ஒரே சம்பவத்தை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். ஒரு பெண் தெருவில் நடந்து போகிறார், கழுத்தில் சங்கிலி. ஆள் என்ன செய்தால் எந்தக் குற்றம்? ஐந்து வாக்கியம், ஆங்கிலத்தில்.

இனி காயங்கள். நீங்கள் கிரிமினல் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சொற்களில் சந்தேகமே இருக்கக்கூடாது. நம் சாட்சி கூண்டில் ஏறி 'அரிவாளால் வெட்டினார்' என்பார். டாக்டர் தன் காயச் சான்றில் தமிழே எழுத மாட்டார். இன்சைஸ்டு வூண்டு என்று எழுதினால் கூரிய விளிம்புள்ள ஆயுதம், ஓரங்கள் சீராக வெட்டுப்பட்டிருக்கும். லேசரேஷன் என்று எழுதினால் மொட்டையான பொருள் பட்டுத் தோல் கிழிந்திருக்கிறது. ஸ்டாப் என்றால் குத்துக்காயம், அகலத்தைவிட ஆழம் அதிகம். கன்ட்யூஷன் கன்றிப்போன ரத்தக்கட்டு, அப்ரேஷன் சிராய்ப்பு. இப்போது யோசித்துப் பாருங்கள்: சாட்சி வெட்டினார் என்கிறார், சான்றில் லேசரேஷன் இருக்கிறது. அரிவாளின் பின்புறம் பட்டதா? தடியால் அடித்ததை அரிவாள் என்று சொல்கிறார்களா? கீழே விழுந்ததில் பட்டதா? டாக்டரிடம் கேட்க வேண்டிய குறுக்கு விசாரணை மொத்தமும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. அது புரியாத ஜூனியர் 'நோ கிராஸ்' என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

சான்றின் கடைசியில் 'சிம்பிள்', 'க்ரீவியஸ்' என்று வரும். க்ரீவியஸ் என்றால் மோசமான காயம் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தில் அதற்கு எட்டு வகை எழுதியிருக்கிறது. எலும்போ பல்லோ முறிந்தால் அதில் ஒன்று. கடைசி வகையில் பழைய ஐபிசி 20 நாள் கடும் வலி என்றது, பிஎன்எஸ் 116 அதை 15 நாளாகக் குறைத்திருக்கிறது. அரிவாளுக்கு ஆங்கிலம் தேடி அலைய வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே 'அருவாள்' என்று அப்படியே எழுதும் வழக்கம் இருக்கிறது.

சாட்சியத்தை மொழிபெயர்ப்பதில் ஒரே ஒரு வாக்கிய அமைப்பை மட்டும் காட்டுகிறேன், ஏனென்றால் குறுக்கு விசாரணையின் பெரும்பகுதி இதில்தான் இருக்கும். 'சம்பவ நேரத்தில் நான் அங்கு இல்லை என்று சொன்னால் சரியல்ல.' சாட்சி தான் அங்கே இருந்ததாகச் சொல்கிறார். வழக்கறிஞர் வைத்த யோசனையை மறுக்கிறார். ஆங்கிலத்தில்: 'இட் இஸ் இன்கரெக்ட் டு சஜஸ்ட் தட் ஐ வாஸ் நாட் பிரசென்ட் அட் த டைம் ஆஃப் அக்கரன்ஸ்.' இரண்டு மறுப்பும் அங்கேயும் இருக்கின்றன பாருங்கள். ஒன்று விட்டுப்போனால் சாட்சியம் தலைகீழாகிவிடும். இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வரும்: 'போலீஸ் விசாரணையில் இதைச் சொல்லவில்லை.' இங்கே சாட்சி ஒப்புக்கொள்கிறார். எதிர்த்தரப்புக்கு ஒரு ஒமிஷன் (போலீஸிடம் சொல்லாமல் விட்டது) கிடைத்துவிட்டது. 'போலீஸ் விசாரணையில் இதைச் சொல்லவில்லை என்றால் சரியல்ல' என்றால் மறுக்கிறார். இனி புலனாய்வு அதிகாரியிடம் கேட்டுத்தான் நிரூபிக்க வேண்டும். தினமும் பத்து வரி சாட்சியத்தை எடுத்து இப்படிப் பெயர்த்துப் பழகுங்கள். சிவில் ஜட்ஜ் தேர்வில் மொழிபெயர்ப்புக்குத் தனித் தாளே இருக்கிறது. அதற்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவசரத்துக்குக் கட்சிக்காரரின் காகிதங்களை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டாதீர்கள். போக்சோ வழக்கிலும் பாலியல் குற்ற வழக்கிலும் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பள்ளி எதுவும் வெளியே போகக்கூடாது. உங்கள் பயிற்சி நோட்டில்கூட எழுத வேண்டாம்.

ஜாமீன் உத்தரவுக்கு வருவோம். உயர் நீதிமன்ற இணையதளத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். பத்து உத்தரவுகளை வரிசையாகப் படித்தால் மூன்றாவதிலிருந்தே அடுத்த வரி என்னவென்று உங்களால் சொல்ல முடியும். 'வித் டூ ஷ்யூரிட்டீஸ், ஈச் ஃபார் எ லைக் சம்' என்று ஒரு சொற்றொடர் தவறாமல் வரும். உத்தரவில் பத்தாயிரம் ரூபாய் என்றிருந்தால், மனுதாரர் அந்தத் தொகைக்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், கூட இரண்டு ஜாமீன்தாரர்கள் தலா அதே தொகைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பொருள். இந்த உத்தரவில் வரும் எக்ஸிக்யூட் என்றால் எழுதிக் கையெழுத்திடுவது. டெபாசிட் என்றால்தான் ரொக்கம் கட்டுவது. இந்த இரண்டு வினைச்சொல்லைக் குழப்பிச் சொன்னால் அந்தக் குடும்பம் அன்று மாலையே நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடும். நிபந்தனைகளில் 'அன்டில் ஃபர்தர் ஆர்டர்ஸ்' என்று இருந்தால் மறு உத்தரவு வரும்வரை தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. தளர்த்தக் கேட்டுத் தனி மனு போட வேண்டும். 'ஃபார் எ பீரியட் ஆஃப் டூ வீக்ஸ் அண்ட் தேராஃப்டர் அஸ் அண்ட் வென் ரிக்வயர்டு' என்று இருந்தால் இரண்டு வாரம் தினமும், பிறகு கூப்பிட்டால் மட்டும். கட்சிக்காரர் கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அவருடைய பிழைப்பே இந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு வினைச்சொல்லுக்காக உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் ஜாமீனை, 'அவெயில்' செய்திருந்தால்தான் (பயன்படுத்திக்கொண்டிருந்தால்தான்) உரிமை நிலைக்கும் என்று 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் சொன்னார்கள். அவெயில் செய்வது என்றால் வெளியே வந்துவிட்டிருக்க வேண்டுமா, மனு போட்டாலே போதுமா என்று கேள்வி வந்தது. 2001-இல் உதய் மோகன்லால் ஆச்சார்யா வழக்கில், எதிரி மனு போட்டு, பிணைப்பத்திரம் கொடுக்கத் தயார் என்று சொன்னாலே அவெயில் செய்ததாகும் என்று முடிவானது. சந்தர்ப்ப சாட்சிய வழக்குகளில் 'மே பி', 'மஸ்ட் பி' என்ற இரண்டுக்கும் உள்ள தூரமும் அப்படிப்பட்டது. சூழ்நிலைகள் நிரூபிக்கப்பட்டிருக்கலாம் என்றால் போதாது, நிரூபிக்கப்பட்டே இருக்க வேண்டும் என்று 1984-இன் ஷரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு சொல்கிறது. மே, மஸ்ட், ஷல், 'சப்ஜெக்ட் டு', 'நாட்வித்ஸ்டாண்டிங்', 'ப்ரொவைடட் தட்' போன்றவை அகராதியில் கண்ணில் படாது. பிரிவுகளைப் படிக்கும்போது இவற்றைத்தான் பென்சிலால் வட்டமிட வேண்டும்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐபிசி, அன்று முதல் நடந்ததற்கு பிஎன்எஸ். இன்னும் பல ஆண்டு இரண்டும் சேர்ந்தே ஓடும். பழைய தீர்ப்பில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் குவாஷ் அதிகாரம். புதிய பிஎன்எஸ்எஸ்ஸில் 482 முன்ஜாமீன், குவாஷ் 528-க்குப் போய்விட்டது. கொலை 302-லிருந்து 103-க்கு நகர்ந்திருக்கிறது. பிஎன்எஸ்ஸில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. அதனால் எண்ணை மட்டும் சொல்லாமல் சட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

வெளிநாட்டுத் தொடர்கள் பார்த்து கோர்ட் ஆங்கிலம் கற்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபெலனி, இன்டைட்மென்ட், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி எதுவும் இங்கே கிடையாது. ஜூரியை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். அழைக்கும் முறைக்கும் நம்மிடம் தனி விதி இருக்கிறது: பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2006-இல் கொண்டுவந்த விதிப்படி, கீழமை நீதிமன்றத்தில் 'சார்' என்றோ அந்தந்த மொழியில் அதற்கு இணையாகவோ சொன்னால் போதும். 'ஐயா' என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

இனி நீங்கள் நின்றுபோன அந்த இடம். ஜாமீன் மனுவில் நீதிபதி கேட்கக்கூடியவை ஏறக்குறைய எல்லாக் கோர்ட்டிலும் ஒன்றுதான். எத்தனை எதிரிகள், உங்கள் கட்சிக்காரர் ஏ எத்தனை (எத்தனையாவது எதிரி)? எந்தத் தேதியில் ரிமாண்ட்? அவர் மேல் சொல்லப்படும் ஓவர்ட் ஆக்ட் (அவர் நேரடியாகச் செய்த செயல்) என்ன? காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா? ரெக்கவரி (பொருளைக் கைப்பற்றுவது) ஆயிற்றா? ப்ரீவியஸ் கேஸ் உண்டா? கோ அக்யூஸ்டு யாருக்காவது பெயில் கிடைத்ததா? இன்வெஸ்டிகேஷன் எந்த நிலையில்? கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு துண்டுச்சீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி ஆங்கிலப் பதில் எழுதிக் கட்டின் மேல் செருகிக்கொள்ளுங்கள். 'இன்வெஸ்டிகேஷன் இஸ் ஆல்மோஸ்ட் கம்ப்ளீட்டட், சார். ரெக்கவரி இஸ் எஃபெக்டட். நோ ஃபர்தர் கஸ்டோடியல் இன்டராகேஷன் இஸ் ரிக்வயர்டு.' வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மனதுக்குள் சொன்னால் நாக்கு பழகாது. ரெக்கவரி ஆகாத வழக்கில் ஆயிற்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால் 'ஐ வில் வெரிஃபை அண்ட் சப்மிட், சார்' என்று சொல்லி ஒரு நிமிடம் கேட்பது நல்ல வழக்கறிஞரின் பதில்தான். கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நீதிபதியும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர வேண்டாம். ஓட்டலில் ஆர்டர் கொடுக்கவும், விடுமுறை பற்றிப் பேசவும் கற்றுத்தருவார்கள். உங்களுக்கு இப்போது தேவை அது இல்லை. அந்த மாலை நேரத்தில் உங்கள் கோர்ட்டிலேயே, ஆங்கிலத்தில் நன்றாக வாதாடும் ஒருவரின் செஷன்ஸ் வழக்கு எப்போது ஆர்க்யுமென்டுக்கு வருகிறது என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் பின் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சில தமிழிலும் வெளியாகின்றன. கிரிமினல் வழக்குத் தீர்ப்பு ஒன்றை எடுத்துத் தமிழில் முதலில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் படியுங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். மனிதநேயத்தில் அவருக்கு நிகரில்லை, ஆனால் அந்த ஆங்கிலம் ஆரம்பக்காரர்களை மிரட்டிவிடும். எஃப்ஐஆர் கட்டாயம் பதிய வேண்டும் என்ற 2013-இன் லலிதா குமாரி, தேவையில்லாமல் கைது செய்யாதீர்கள் என்ற 2014-இன் அர்னேஷ் குமார், இந்த இரண்டில் தொடங்குங்கள். வேலைக்கு உடனே பயன்படும் தீர்ப்புகள் இவை.

சீனியர் கொடுத்திருக்கும் ஜாமீன் மனுவை இந்த வாரமே வரைந்துவிடுங்கள். பழைய மனு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம், தப்பில்லை. ஆனால் சம்பவம் சொல்லும் பத்தியை மட்டும் எங்கிருந்தும் எடுக்காமல் எஃப்ஐஆரைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். முடித்ததும் சீனியரிடம் கொடுத்து, வினைச்சொற்களை மட்டும் பார்த்துத் திருத்தித் தரும்படி கேளுங்கள். அவர் திருத்திய தாளைத் தேதி போட்டுத் தனிக் கோப்பில் வைத்து, அடுத்த மனு வரையும் முன் அதைத்தான் முதலில் எடுத்துப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மூத்த வழக்கறிஞர்